கொடிமரத்தை ஒடித்த தையல்

ஐலண்ட் ஹார்பரில் புதிதாக நட்ட கொடிமரம் 1967 டிசம்பர் 21, வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஒடிந்தது. நட்டு முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒடித்தவர் கத்பர்ட் ஹாரிகன். மரத்தை அவர் தொடவே இல்லை. கொடியைத் தைத்தே ஒடித்தார்.

அவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று. பிறந்தது 1906 மார்ச் 9, அதே ஊரில். அங்குவிலா என்ற கரீபியன் தீவில் அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளுக்கு இரண்டே வழி: கடலில் இறங்கி மீன் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் ஏறிப் பிழைக்கப் போக வேண்டும். கத்பர்ட் பதினேழு வயதில் சான்டோ டொமிங்கோவுக்குக் கரும்பு வெட்டப் போனார். ஆறு அறுவடைகள் வெட்டினார். போகும்போதும் வரும்போதும் ஏறிய கப்பல்களில் பாய்மரத்தில் கட்டும் பாய் கிழிந்து ஏதாவது ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, தையலைப் பிரித்து, எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, மறுபடி தைப்பார். பிரித்த தையல்களே அவருக்குப் பள்ளிக்கூடம். ஆறாவது முறை திரும்பியபோது கரும்புக் கத்தியை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டு, பாய் தைக்கும் ஊசி ஏழும், ஊசியை அழுத்த உள்ளங்கையில் மாட்டும் தோல் ஒன்றும் கொண்டுவந்தார். 1932இல் இடாலியா புரூக்ஸை மணந்தார். 1930இலிருந்து 1964 ஜூலை வரை அவர் கையால் தைத்துக் கடலுக்குப் போன பாய்கள் இருநூற்றுப் பதினான்கு.

கித்தானைப் பட்டை பட்டையாக வெட்டி இணைக்கும்போது ஓரங்களை லேசாக வளைத்து வெட்டினால் பாய்க்கு ஒரு வயிறு விழும். காற்று வந்து உட்காருவது அந்த வயிற்றில்தான். பெரிதாகிவிட்டால் படகு மந்தம்; சிறிதாகிவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். கத்பர்ட் வைக்கும் வயிறு கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. துவரைச் சோற்றை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு எவனாவது தொப்பையைத் தடவினால், "கத்பர்ட் தைச்ச வயிறுடா" என்பது ஊர்ப்பேச்சு.

அப்படிப்பட்டவருக்கு மூன்று வருடம் நான்கு மாதமாக ஒரு பாய்கூட வரவில்லை.

காரணம் 1964 ஆகஸ்ட் 3, ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமை நடக்கும் படகுப் பந்தயம். இடாலியாவின் அண்ணன் ஆர்மண்ட் புரூக்ஸின் படகு 'ரூபி மே' முன்னால் வந்துகொண்டிருந்தது. அடுத்த படகு நூறு கெஜம் பின்னால். மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் பாயின் மூன்றாவது தையல் விட்டது. ஓரத்தில் தொடங்கி பாய்மரம்வரை ஒன்பது அடி. ஐந்து படகுகளில் ரூபி மே ஐந்தாவதாக வந்தது. கரையில் ஆர்மண்ட் கிழிந்த பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, கத்பர்ட் வீட்டு வாசற்படியில் இறக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் பாய் தைக்கச் சாண்டி கிரவுண்ட் ஊரில் வேறு ஆளைப் பிடித்தார். ஆர்மண்ட் போன வழியில் மற்ற படகுக்காரர்களும் போனார்கள்.

ஆனால் ஊர் இரண்டாகப் பேசியது. பாதிப் பேர் தையல் சரியில்லை என்றார்கள். மீதிப் பேர், ஆர்மண்ட் அவசரப்பட்டுப் படகைத் திருப்பியதில்தான் பாய் கிழிந்தது என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஆர்மண்ட் காதுபடவே, "கேப்டன், பார்த்துத் திருப்புங்க, சட்டை கிழிஞ்சிரப் போகுது" என்று சொல்லிச் சிரிப்பதற்கும் ஆள் இருந்தது.

உண்மை கத்பர்ட்டுக்கு மட்டும் தெரியும். அந்தப் பாயைத் தைத்த நூல் 1957இல் வாங்கியது. உப்புக்காற்றில் ஏழு வருடம் கிடந்த நூல். ஒரு முழத்தைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தபோதே 'டிக்' என்று அறுந்தது. புது நூல் வரவேண்டிய கப்பல் வரவில்லை. பந்தயத்துக்கு நான்கே நாள். தேன்மெழுகை இரண்டு மடங்கு பூசி அதையே கோத்தார். இதை அவர் இடாலியாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆர்மண்ட் திருப்பியதுதான் தப்பு என்று அவர் வாயால் எங்கும் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னபோது இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்த மூன்று வருடமும் மீன்கூண்டு பின்னினார், கடைகளுக்கு வெயில் மறைப்புத் தைத்தார், சோபா உறைகூட ஒன்று தைத்தார். அந்த சோபா உறையைப் பற்றி யாரும் அவரிடம் பேசக்கூடாது.

1967 மே மாதம் அங்குவிலா, தன்னை ஆண்டுவந்த இன்னொரு தீவான செயின்ட் கிட்ஸின் போலீசை விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பியது. ஜூலை 11 அன்று ஓட்டு எண்ணியபோது செயின்ட் கிட்ஸ் வேண்டாம் என்றவர்கள் ஆயிரத்து எண்ணூற்றுப் பதிமூன்று பேர், வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேர் யார் என்று ஐலண்ட் ஹார்பரில் கிறிஸ்துமஸ்வரை தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு தீவுக்கென்று தனிக்கொடி வந்தது: வெள்ளைத் துணி, அடியில் கடல்நீலப் பட்டை, நடுவில் ஒன்றையொன்று துரத்தி வட்டமிடும் மூன்று ஆரஞ்சு டால்பின்கள். தலைநகர் தி வேலியில் ஒரு கொடி பறந்தது. அங்கே பறந்தால் இங்கே பறக்க வேண்டாமா?

டிசம்பர் 5ஆம் தேதி கடற்கரை மரத்தடியில் கூட்டம். நடத்தியவர் பள்ளிக்கூடத்து லியோனோரா டீச்சர். செயின்ட் தாமஸில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் பதினேழு பேர் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். அவர்கள் பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டின்வரை வந்ததும் ஆர்மண்ட் தன் சரக்குப் படகில் போய் அழைத்துவருவார். சனிக்கிழமை, 23ஆம் தேதி, படகு கிழக்கு முனையைச் சுற்றி வரும்போதே கொடி கண்ணில் படவேண்டும். அவர்கள் ஊரைவிட்டுப் போனபோது அப்படி ஒரு கொடியே கிடையாது.

"எட்டடிக்கு அஞ்சடி வேணும்" என்றார் டீச்சர். "தி வேலிக் கொடி அஞ்சடிக்கு மூணடிதான்."

"அப்ப பன்னிரண்டு அடி போடுங்க டீச்சர், செயின்ட் கிட்ஸ்லருந்தே தெரியட்டும்" என்றான் பெலிகன். நீண்ட மூக்கும் அதைவிட நீண்ட வாயும் கொண்ட மீனவன் அவன். சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்கும் பாதிரியாருக்கும்தான் தெரியும்.

"அவ்வளவு பெரிய துணியை யார் தைக்கிறது?" என்று ஒரு குரல்.

"கத்பர்ட் இருக்காரே" என்றார் டீச்சர்.

பெலிகன் சிரித்தான். "அவர் தைச்சா பாதி வழியில கிழிஞ்சிருமே!"

"கொடி எந்த வழியும் போகாது பெலிகன். மரத்துலயேதான் நிக்கும்."

எல்லோரும் ஆர்மண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "தைக்கட்டும். தைச்சது நிக்கணும். அவ்வளவுதான்."

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற கத்பர்ட்டுக்கு அந்தப் பேச்சே போதுமாக இருந்தது. படகுக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கும் இடத்தில் அவர் தையல் ஏறப்போகிறது. அது நின்றுவிட்டால் நாளைக்கே எவனாவது ஒருவன் பாயைத் தூக்கிக்கொண்டு வருவான். ஒருவன் வந்தால் போதும்.

அவர் பதினோரு நாள் தைத்தார். டீச்சர் வெள்ளைப் பருத்தித் துணி கொடுத்தனுப்பினார். அதைத் தடவிப் பார்த்து, "இது கைக்குட்டைக்கு ஆகும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் 1964இலிருந்து தொடாமல் வைத்திருந்த நல்ல கித்தானை எடுத்தார். புது நூல், போன மாதம் வந்தது. இழுத்துப் பார்த்தார், உள்ளங்கை சிவந்ததே தவிர நூல் விடவில்லை. நான்கு பட்டையாக வெட்டி, ஓரத்தை வளைத்து, நான்கு விளிம்பிலும் கயிறு வைத்துத் தைத்தார். நான்கு மூலைக்கும் கயிறு கோக்கப் பித்தளைக் கண் போட்டார். டால்பின்களை இரண்டு பக்கமும் தெரியும்படி ஆறாக வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தார்.

டால்பின்களுக்காகத்தான் சண்டை. பார்க்க வந்த மீனவர்கள் ஒவ்வொருவரும் முதுகுத் துடுப்பை வேறு வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள்.

"இது சிரிக்குது" என்றான் பெலிகன். "டால்பின் எங்கய்யா சிரிச்சிது?"

"உன்னைப் பார்த்தா சிரிக்கும்" என்றாள் இடாலியா.

துடுப்பைப் பார்த்தார்கள், வாயைப் பார்த்தார்கள். மற்றது எதையும் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் காற்றில் படபடக்கும் துணி என்றால் ஒன்றுதான் அர்த்தம்: பாய் சரியாகக் கட்டப்படவில்லை, படகோட்டி தூங்குகிறான். கத்பர்ட்டின் கையை விட்டுப் போன துணி ஆடியதாக யாரும் சொன்னதில்லை. அதனால் கொடிக்கும் அவர் வயிறு வைத்தார். வைக்கிறோம் என்று யோசித்து வைக்கவில்லை. கை தானாக வைத்தது. கீழ்மூலைக் கண்ணில், பாயை இழுத்துப் பிடிக்கக் கட்டுவதுபோல, இருபது அடிக் கயிறு ஒன்றையும் கோத்துவிட்டார்.

வியாழக்கிழமை மாலை சோதனை. கிறிஸ்துமஸ் காற்று என்று சொல்வார்களே, அது அன்று வடகிழக்கிலிருந்து நன்றாக எழுந்து வீசியது. கொடிமரம் இருபத்திரண்டு அடி, பழைய படகு ஒன்றின் பாய்மரம். நாற்பது, ஐம்பது பேர் கூடினார்கள். கொடி ஏறியது. கித்தானின் கனத்தில் முதலில் தொங்கியது. பிறகு காற்றை வாங்கிப் பொத்தென்று ஒரு பக்கம் அடித்தது, மறுபக்கம் அடித்தது. கீழ்மூலைக் கயிறு எல்லோர் தலைக்கு மேலும் சாட்டைபோலச் சுழன்றது.

அந்த ஊரில் பிறந்தவன் எவனுக்கும் அவிழ்ந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வராது. பெலிகன் எம்பிப் பிடித்தான். நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அருகில் இருந்த பாறையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். கட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு நிமிர்ந்தார்கள்.

கொடி ஆடுவதை நிறுத்தியது. மெதுவாக, அழகாக, உப்பியது. மூன்று டால்பின்களும் வயிறு முட்டத் தின்றதுபோல் புடைத்துக்கொண்டன. ஒரு சுருக்கம் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர், "அடடா!" என்றார்கள். மரம் தூண்டில் கழிபோல வளைந்தது.

"கயிறை விடு! பெலிகன், கயிறை விடுடா!" என்று ஆர்மண்ட் கத்தினார்.

"முடிச்சு இறுகிப்போச்சு கேப்டன்!"

ஏழடி உயரத்தில் மரம் படீரென்று ஒடிந்தது. மேல்பாதியை இழுத்துக்கொண்டு கொடி மணலில் விழுந்து, முப்பது அடி உருண்டு, கரையோரக் கடல்திராட்சைப் புதரில் போய் மாட்டிக்கொண்டது.

எல்லோர் தலையும் புதர்ப் பக்கம் திரும்பியது. பிறகு பெலிகன்: "கத்பர்ட் அண்ணே! இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா தீவே செயின்ட் கிட்ஸை விட்டுக் கிளம்பிப் போயிருக்கும்!"

ஊரே வெடித்தது. வயதான பெண்கள் மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். "எங்கே போயிருப்போம்? சான்டோ டொமிங்கோவுக்கா?" "நங்கூரத்தை எடுக்காமப் பாய் ஏத்திட்டாரே!" லியோனோரா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளன்னைக்குப் படகு வருதே. இப்ப என்ன செய்யுறது?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கத்பர்ட் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆர்மண்ட் புதரருகே போனார். கொடியை மணலில் விரித்தார். முழங்காலிட்டு உட்கார்ந்து, முதல் தையலின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டினார். இரண்டாவது தையல். மூன்றாவது தையலில் நகம் மிக மெதுவாகப் போனது. அதை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, இழுத்துப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. படகுக்காரர்கள் சுற்றி வந்து நின்றார்கள்.

"மரம் போச்சு" என்றார் ஆர்மண்ட். "தையல் நின்னுருக்கு."

எழுந்து, முழங்காலில் இருந்த மணலைத் தட்டிவிட்டுத் தன் படகைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க இடாலியாவின் கால் தரையில் படவில்லை. "எங்கண்ணன் வாயிலருந்து மூணு வருஷத்துல உன்னைப் பத்தி வந்த முதல் நல்ல பேச்சு. கேட்டியா? எல்லாரும் கேட்டாங்க. ரூபி மேவோட பாய் பழசாயிடுச்சு, எனக்குத் தெரியும். கேட்கத்தான் போறான் பாரு."

கத்பர்ட் சாப்பிட உட்கார்ந்தார். மீன் குழம்பில் கை வைத்தார், எடுத்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. சும்மா இருந்தால் போதும், மீதி தானாக நடக்கும். ஆனால் ஆர்மண்டின் நகம் மூன்றாவது தையலில் ஊர்ந்த விதம் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த மனிதர் மூன்று வருடமாக ஒரு கேள்வியைச் சுமந்திருக்கிறார்: தையலா, என் திருப்பமா? இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். மரமே ஒடிந்தும் கத்பர்ட்டின் தையல் விடவில்லை என்றால், அன்றைக்குக் கிழித்தது தன் திருப்பம்தான் என்று.

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

"எங்கே?"

"உங்கண்ணனைப் பார்த்துட்டு வரேன்."

"அவனே வருவான், நீ ஏன் போறே?" என்று இடாலியா சொன்னபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

பொழுது சாயும் நேரம். ஆர்மண்ட் மறுநாள் பயணத்துக்குத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிக்கொண்டிருந்தார். கத்பர்ட் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் சொன்னார்.

"மச்சான். அன்னைக்குப் பந்தயப் பாய்ல நான் போட்டது பழைய நூல். அம்பத்தேழுல வாங்கினது. இழுத்துப் பார்த்தேன், விட்டுச்சு. தெரிஞ்சேதான் போட்டேன்."

ஆர்மண்ட் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். முழுதாகச் சுருட்டி, ஆணியில் மாட்டினார்.

"என் திருப்பம்னு ஊர் சொல்லிச்சே. உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லலை" என்று ஆர்மண்ட் திருப்பிச் சொன்னார். "ஒவ்வொரு ஆகஸ்டும் அந்த மிதவைகிட்ட வரும்போது என் கை நடுங்குது, தெரியுமா உனக்கு? போன வருஷம் பயத்துல அகலமாத் திருப்பி நாலாவதா வந்தேன். நாலாவது!" பிறகு படகுக்குள் இறங்கினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "முன்கயிறை அவிழ்த்துடு. படகைத் தள்ளி நிறுத்தணும்."

கத்பர்ட் அவிழ்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடியலில் படகு போய்விட்டது.

வியாழன் இரவே வீட்டில் அவர் இடாலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மூலையில் கிடந்த முதல் கொடியை இழுத்து விரித்தாள். பிறகு சொன்னாள்: "பாய் இனி வராது. சரி. கொடியாவது வேணும். எழுந்திரு."

இடாலியா வெளுத்து வைத்திருந்த மாவு மூட்டைத் துணி நான்கு இருந்தது. வருடக்கணக்காகத் துவைத்துத் துவைத்து, ஊதினால் பறக்கும் துணி. நீலத் துணி கொஞ்சம் இருந்தது, ஆரஞ்சுத் துணி மிச்சமில்லை. முதல் கொடியின் டால்பின்களைத்தான் பிரித்தெடுக்க வேண்டும். இடாலியா கத்தரி எடுத்து உட்கார்ந்தாள். ஒரு டால்பினின் வாலைப் பிரிக்கக் கால் மணி நேரம் ஆனது. கத்தரி முனை ஒடிந்தது. சவரக் கத்தி வந்தது.

"டால்பினைத்தானே தைச்சே? திமிங்கிலத்தையா கட்டிப்போட்டே?"

கத்பர்ட் மாவுத் துணியில் ஓரத்தை வளைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இடாலியா எட்டிப் பார்த்துக் கையில் ஒன்று போட்டாள்.

"நேரா வெட்டு!"

"நேரா வெட்டினா காத்து நிக்காதே."

"நிக்கக் கூடாது. வந்த காத்து போயிட்டே இருக்கணும்."

"ஓரத்துக்குக் கயிறு?"

"மரத்துப் பக்கம் மட்டும்."

"மத்த ஓரம் பிஞ்சு போகுமே, இடாலியா."

"பிஞ்சா பிஞ்சுட்டுப் போகுது. இன்னொண்ணு தைக்கலாம். கொடி தேயுறதுதான் பறக்குறதுக்கு அடையாளம்."

அவர் ஊசியை எடுத்தார். இரண்டு தையல் போட்டதும் துணி சுருங்கிக்கொண்டது. இடாலியா மறுபடி எட்டிப் பார்த்தாள். "இழுக்காதே. விடு. இது துணி, உன் பகையாளி இல்லை."

"சும்மா ஆடுறதுக்குன்னு ஒரு துணியா?" என்றார் அவர் உண்மையாகவே வருத்தப்பட்டு.

"ஆமா. ஆடுறதுதான் அதுக்கு வேலை. உனக்கு வாய்தான் ஆடலை மூணு வருஷமா, கொடியாவது ஆடட்டும்."

அவர் உள்ளங்கைத் தோலைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் விரலால், பெண்கள் சட்டை தைக்கும் சின்ன ஊசியை வாங்கித் தைத்தார். அறுபத்தொரு வயதில் அவர் விரலில் ஊசி குத்தியது அன்றுதான் முதல்முறை. குத்தியது எட்டுத் தடவை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்தது. மூன்று டால்பின் ஏறின, மூன்று மிச்சம். மூலையில் மாவு ஆலையின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. எத்தனை வெளுத்தும் போகாத எழுத்து. லியோனோரா டீச்சர் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "தூரத்துலருந்து தெரியாது" என்றார்.

ஒடிந்த மரத்தின் இரண்டு துண்டையும் கத்பர்ட் ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டினார். உயரம் பதினெட்டு அடியானது. பெலிகன் கொடியில் கயிறு எங்காவது தொங்குகிறதா என்று முன்னும் பின்னும் பார்த்தான்.

"இல்லையே அண்ணே. பிடிக்க ஒண்ணும் இல்லை."

"கையைக் கட்டிக்கிட்டு நில்லு" என்றார் கத்பர்ட்.

படகு இரண்டே முக்கால் மணிக்குக் கிழக்கு முனையில் தெரிந்தது. கொடியை ஏற்றினார்கள். மாவுத் துணி உச்சிக்குப் போய் ஒரு நொடி சுருண்டு கிடந்தது. அடுத்த காற்றில் விரிந்து, படபடவென்று அடித்துக்கொண்டு, நீளத்துக்கும் அலைந்தது. கத்பர்ட் தன்னையறியாமல் கையை நீட்டினார், இழுத்துப் பிடிக்க. இடாலியா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

டால்பின்கள் நீந்தின. முதல் கொடியில் அவை வெறுமனே வட்டத்தில் நின்றன. இதில் ஒன்றின் பின் ஒன்று எழுந்து விழுந்து துரத்தின. படகில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தொப்பிகள் கழன்றன. பதினேழு பேரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டதால் படகு சாய்ந்தது. ஆர்மண்டின் குரல் தண்ணீருக்கு மேல் தெளிவாகக் கேட்டது: "உட்காருங்கய்யா! கொடி எங்கயும் ஓடிராது! இன்னைக்கு மரம் ஒடியலை!"

கரை சிரித்தது. இறங்கியவர்களைக் கட்டிப்பிடிப்பதும், பெட்டி தூக்குவதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதுமாக அரை மணி நேரம் போனது. கத்பர்ட் மரத்தடியை விட்டு நகரவில்லை. ஆர்மண்ட் கடைசியாக இறங்கினார். தோளில் சாக்கு சுற்றிய நீளமான உருளை. நேராக நடந்து வந்து, கத்பர்ட் காலடியில் அதை இறக்கினார். மூன்று வருடம் முன்பு வாசற்படியில் இறக்கியதும் அப்படித்தான்.

"கித்தான். நாற்பத்தி ரெண்டு கெஜம்" என்றார் ஆர்மண்ட். சட்டைப் பையிலிருந்து இரண்டு நூல் உருண்டைகளை எடுத்து மேலே வைத்தார். கடைக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. "நேத்து செயின்ட் மார்ட்டின்ல வாங்கினது. நூல் என்னோடது. கை உன்னோடது."

கத்பர்ட் வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்கிட்ட சொல்லிட்டே. அவன்கிட்ட சொல்லு." பெலிகனைக் கையால் காட்டினார். "அவன்கிட்ட சொன்னா தீவு முழுக்கச் சொன்ன மாதிரி. இப்பவே. சத்தமா."

கத்பர்ட் சுற்றிலும் பார்த்தார். ஊர் முழுக்க அங்கே இருந்தது. கூடவே செயின்ட் தாமஸிலிருந்து வந்த பதினேழு பேர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பெலிகன். அறுபத்தி நாலுல ரூபி மே பாய் கிழிஞ்சது கேப்டனோட திருப்பத்தால இல்லை. நான் போட்ட நூல் மக்கிப்போன நூல். தெரிஞ்சே போட்டேன்."

பெலிகனின் வாய் திறந்தது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அதிலிருந்து உடனே ஒன்றும் வரவில்லை. "அப்ப மூணு வருஷமா நான் கேப்டனைச் சொன்னதெல்லாம்?"

"எல்லாம் உனக்கு நான் திருப்பித் தரேன்" என்றார் ஆர்மண்ட், "வட்டியோட."

அங்கே ஒரு கூச்சல் எழுந்தது. சிலர் கத்பர்ட்டைத் திட்டினார்கள்; அந்தப் பந்தயத்தில் சட்டையைப் பந்தயம் கட்டித் தோற்ற ஒருவர் சட்டையைக் கேட்டார். கத்பர்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து, ஒரு உருண்டையின் காகிதத்தைப் பிரித்து, ஒரு முழம் நூலைக் கைகளில் சுற்றி இழுத்தார். ஆர்மண்டும் படகுக்காரர்களும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூல் விடவில்லை. உருண்டையின் உள்பக்கத்திலிருந்தும் ஒரு முழம் எடுத்து இழுத்துப் பார்த்தார். பிறகுதான் தலையாட்டினார்.

அந்தப் பாய் 1968 பிப்ரவரி 17 அன்று முடிந்தது. அது இருநூற்றுப் பதினைந்தாவது. மார்ச்சில் இரண்டு பாய்கள் வந்தன, ஏப்ரலில் நான்கு. கொடிகளும் கேட்டார்கள், இடாலியா வெட்டிக் கொடுத்தால் மட்டுமே அவர் தைத்தார். ஆகஸ்ட் 5ஆம் தேதி பந்தயத்தில் ரூபி மே மிதவையை ஒட்டி, ஒரு கை அகலத்தில், நடுக்கமில்லாமல் திரும்பியது. பாய் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. ஆறு படகுகளில் இரண்டாவதாக வந்தார்கள்.

கரையில் இறங்கிய ஆர்மண்டிடம் பெலிகன் ஓடினான். "இந்தத் தடவை யார் தப்பு கேப்டன்? பாயா, திருப்பமா?"

"முன்னால போன படகு வேகமாப் போச்சுடா" என்றார் ஆர்மண்ட். கத்பர்ட் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஈரப் பாயைச் சுருட்ட ஒரு பக்கம் பிடித்தார்.